லலிதாக்காவின் மாரத்தானும் மாமியின் ஏகாதசியும்

கொச்சியில் ஓடிப் பயிற்சி எடுக்க நல்ல பாதை எது என்று நீங்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதை. அதையும் நான் ஓடவில்லை, ஓடியவளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தேன், அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கம், ஒரு டிசம்பர் மாதம். பி.எட். முடித்துவிட்டு வேலை வராமல் வீட்டில் எல்லோருக்கும் பாரமாக உட்கார்ந்திருந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்த என் பெரியம்மா மகள் லலிதாக்கா, "சும்மாதானே இருக்காய், ஒரு மாசம் இங்க வா. கூட வர ஒரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டாள்.

கோவையிலிருந்து அதிகாலைப் பேருந்தில் கிளம்பினால் பாலக்காடு, திருச்சூர் வழியாக எர்ணாகுளத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு. அன்றைய கட்டணம் நாற்பது பைசா என்று ஞாபகம், அரை மணி நேரப் பயணம். கரையேறியதும் முதலில் வந்தது சுக்கு வாசனைதான். பஜார் ரோட்டில் பாதித் தெருவை அடைத்து இஞ்சியைக் காயப்போட்டிருப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் ஜாக்கிரதை, அதன் மேல் ஏற்றிவிட்டால் நல்ல மலையாளத்தில் திட்டு கிடைக்கும். நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

லலிதாக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து மருமகள் ஒருத்தி விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்றால் அந்தக் காலத்தில் தெரு என்ன பேசியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். வீட்டில் அப்படி ஒரு பேச்சும் இல்லை. ஓடுவதற்குத் தொளதொளவென்று சுடிதார் தைத்துக் கொடுத்ததே அவள் மாமியார்தான். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். அதைத் தைத்தது பழைய ஜன்னல் திரையில். "ஓடறவளை யாரு நின்னு பாக்கப் போறா?" என்பது மாமியின் வாதம். ஊரே பார்த்தது.

எர்ணாகுளத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் மாரத்தான் நடத்தப் போகிறது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதில் பெயர் கொடுத்திருந்தாள். பயிற்சிக்கு ஒரு ஞாயிறு நீண்ட ஓட்டம், அடுத்த ஞாயிறு சின்ன ஓட்டம் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தாள். நீண்ட ஓட்டம் என்பது மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பாலம் ஏறி வில்லிங்டன் தீவு, பள்ளிமுக்கு, வைட்டிலா, திருப்பூணித்துறை, பிறகு அதே வழியில் வீடு. போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். நான் போய்ச் சேருவதற்கு முந்தின ஞாயிறன்று திரும்பி வரும்போது வைட்டிலாவில் ஒரு மரத்தடியில் கால் இழுத்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். வியர்வையில் நனைந்த ஜன்னல் திரையோடு பேருந்தில் வீடு வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைக் கேட்டபோதுதான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. மறுநாள் சாயங்காலம் கம்பெனி விட்டதும் பேருந்து பிடித்து அதே மரத்தடிக்குப் போய், அங்கிருந்து வீடுவரை ஓடி வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"விட்ட இடத்துலேர்ந்து எடுக்கணும்டீ. இல்லேன்னா அடுத்த தடவை அந்த மரத்தைப் பாத்தாலே கால் நின்னுடும். அன்னிக்கு ஓட்டம் மோசம். நான் மோசமில்லையாக்கும்."

எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்று கைவிட்டுப் போய், அந்தப் பள்ளி இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போன காலம் அது. அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது.

நான் போன பிறகு வந்த ஞாயிறு சின்ன ஓட்டம். தீவு வரை போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் திருப்பூணித்துறை. போகும்போது வைட்டிலாவை நன்றாகவே தாண்டினாள். திரும்பும்போது அதே மரம், அதே இருட்டு. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதாள். "சரீரம் போறாதுன்னு தோணறது. வர ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாக்கறேன். அன்னிக்கும் இங்க நின்னா பேரை வெட்டச் சொல்லிடுவேன்" என்றாள்.

பக்கத்துச் சாயாக்கடைக்காரர் சோடா கொண்டுவந்து கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் தமிழைக் கேட்டு ஓடி வந்தவர், என்னைப் பார்த்து, "ஓடுனது அவியதான? ஒங்களுக்கு ஏன் மொகம் வெளுத்துப் போயிருக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள் மிதித்த எனக்கே தலை சுற்றிக்கொண்டிருந்தது! முந்தின நாள் ஏகாதசி. அந்த வீட்டில் ஏகாதசியன்று அடுப்பில் அரிசி ஏறாது. மாமி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். லலிதாக்காவுக்குப் பாலும் இரண்டு பழமும். விருந்தாளி என்பதால் எனக்குப் பழம் மூன்று. மறுநாள் விடியுமுன் வெறும் காப்பியோடு கிளம்பியிருந்தோம்.

"அக்கா, போன தடவை இங்க நின்னியே, அதுக்கு முந்தின நாள் என்ன?" என்று கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்தாள். அதுவும் ஏகாதசி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை விரதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீண்ட ஓட்டம், இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டு அவளை மரத்தடியில் உட்கார வைத்திருக்கின்றன. பன்னிரண்டு வயதிலிருந்து விரதம் இருக்கிறவளுக்கு அது பட்டினி என்றே தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தொரு மண்டத்தனம்!" என்று தன் முட்டாள்தனத்தை மலையாளத்தில் திட்டித் தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அந்த மரத்தடிக்கு இரண்டு பேரும் பேருந்தில் போனோம், சைக்கிளைக் கூரையில் ஏற்றிக்கொண்டு. விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, முந்தின இரவு வயிறு நிறையச் சோறு, காலையில் ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழம். வைட்டிலா மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டினாள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் இவ்வளவு ஓடலாமா என்று இன்றைய பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்த ஓட்டம் தேவைப்பட்டது.

ஆனால் பந்தய நாள் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் முன்பு மாமிதான் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஏகாதசி என்று. லலிதாக்காவுக்கு விரதத்தை விடவும் மனசில்லை, ஓட்டத்தை விடவும் மனசில்லை. மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நீ சாப்டுட்டு ஓடு. நான் எப்படியும் இருக்கறவதானே? இந்தத் தடவை ஒன் பேர்ல இருக்கேன். பெருமாள்ட்ட நான் சொல்லிக்கறேன்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர், ஜனவரிதான் ஓடத் தகுந்த மாதங்கள். ஆறு மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள், பிறகு தோப்பும்படியில் மீன் வண்டிகள் வழி விடாது. எர்ணாகுளம் வரை ஓடிவிட்டுத் திரும்புவதற்குப் படகை வைத்துக்கொள்ளலாம். உப்புக் காற்றில் வியர்வை காயவே காயாது, தாகம் எடுக்குமுன் குடியுங்கள். விரதம் இருப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சி நாளைக் குறியுங்கள். ஓட்டம் பாதியில் நின்றால் மறுநாள் அந்த இடத்துக்கே போங்கள். நான் அந்த வருடமே அந்தப் பள்ளிக்கு மறுபடி போய் வேலை கேட்டேன். கிடைத்தது.

பந்தயம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். தோப்பும்படி திருப்பத்தில் நானும் மாமியும் நின்றோம். மாமி கையில் ஒரு சொம்பு சம்பாரம், உப்பும் இஞ்சியும் போட்ட மோர். வெயில் ஏறிவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மாமியின் உதடு வெடித்திருந்தது. லலிதாக்கா வந்தாள், முகம் உப்புப் பூத்து, நடையும் ஓட்டமுமாக. நின்று பாதிச் சொம்பைக் குடித்தாள். மாமியார் முகத்தைப் பார்த்ததும் மீதியை நீட்டி, "அம்மா, நீங்களும் ஒரு வாய்..." என்றாள்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் குடிச்சா ஒன் விரதம்னா முறியும்! ஓடு!"

ஓடினாள். கடைசியிலிருந்து நான்காவதாக வந்து முடித்தாள். மறுநாள் விடியற்காலையில் மாமி விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை நறுக்கியது அவள்தான். முழங்கால் மடங்கவில்லை, அரிவாள்மணையில் உட்கார முடியவில்லை. சமையல் மேடையில் வைத்து, நின்றுகொண்டே கத்தியால் நறுக்கினாள்.