புல் பதிக்காத கீற்று

விம்கோ நகரில், எங்கள் அடுக்ககத்தின் முன்வெளியில் புல்தரை அமைக்க விலை சொல்ல வந்தவர், அளவுநாடாவை எடுக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்தார். நரைத்த மீசை, செம்மண் ஏறிய நகங்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி இறுகிப்போன நடுக்கீற்றில் நின்றார்.

"மத்த எடத்துல கல்லு பொறுக்கி, செம்மண்ணு கொட்டி, புல்லு பதிச்சுடலாம். இத்த வுட்டுடறேன்; அதுக்குத் துட்டும் கழிச்சுக்கறேன்."

"முழுசும் பச்சையா இருக்கணுமே" என்றேன்.

"பசங்க எங்க ஆடும் நைனா? ரோட்டுல கண்டெய்னர் லாரி ஓடிகினு கீது. முழுசா வோணும்னா வேற ஆளப் பாரு."

அவர் சொற்படியே விட்டோம். அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றுவிட்டனர். இப்போது அங்கு எவரும் ஆடுவதில்லை. ஆயினும், இருபுறமும் புல் நெருங்கும்போதெல்லாம் வெட்டி ஒதுக்கச் சொல்கிறேன்.