ராக்கம்மாவின் இரண்டு படங்கள்

மலேசியாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளிக்குத் தொண்ணூற்று நாலில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டியது. தலைமையாசிரியர் அதைத் துணி போர்த்திப் பத்திரப்படுத்தினார். மயிலம்மாள் டீச்சர் துணியை எடுத்தார். இங்கிலீஷ் புத்தகத்தில் பனி கொட்டிக்கொண்டே இருந்ததே தவிர, பிள்ளைகள் மனத்தில் ஒரு சொல்லும் தங்கவில்லை. அதனால் அவர் மவுஸைப் பிடித்து எஸ்டேட்டையே படக்கதையாக வரைந்தார். பொத்தானைத் தட்டினால் அடுத்த படம், கீழே ஒரு சொல். வாளி, மழை, மாடு, லோரி. பிள்ளைகள் முண்டியடித்துப் படித்தார்கள்.

'ஏங்ரி' என்ற சொல்லில்தான் வந்தது வினை. கோபத்துக்கு டீச்சர் ஒரு பெண்ணை வரைந்திருந்தார். தலையில் துண்டு, ஆம்பளைச் சட்டை, இடுப்பில் கை, உருட்டிய விழி.

"ஏய், விமலா அம்மா" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

உண்மையும் அதுதான். குழாயடியில் விமலாவின் அம்மா ராக்கம்மா போடும் சத்தத்தை நினைத்துத்தான் டீச்சர் வரைந்தார். மறுநாள் விமலாவின் பெயரே ஏங்ரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

மயிலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரைப் பெற்றவளும் அதே மாதிரிச் சட்டை போட்டுப் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவள்தான். அது எப்படி மறந்துபோனது? தன்னைத் திட்டிக்கொண்டே ராக்கம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ராக்கம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தப் படத்த நான் பாக்கணும் டீச்சர்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து, ரப்பர்ப் பால் வாடையோடு வந்து திரை முன் நின்றாள்.

"மூஞ்சி சரியாத்தான் இருக்கு. நான் கத்துறவதான்லா. ஆனா எம்புள்ளைக்குத் தெனம் தல சீவி விடுறவளும் நாந்தான். அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்லியா?"

"இருக்குக்கா."

டீச்சர் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். சேலை வரையப் போனவரை ராக்கம்மா தடுத்தாள்.

"சட்டையே இருக்கட்டும். அப்பத்தான் நான்னு தெரியும். பழைய படத்தையும் அழிக்காதீங்க."

"'கைண்ட்'னு எழுதியிருக்கேன்க்கா. பிரியமானவங்கன்னு அர்த்தம்."

ராக்கம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விமலா வந்தாள். டீச்சர் அவளையே பொத்தானைத் தட்டச் சொன்னார். ஏங்ரி வந்தபோது பின்னால் ஒருவன் இளித்தான். அவள் தட்டினாள். அதே துண்டு, அதே சட்டை; மடியில் ஒரு சின்னப் பெண், கையில் சீப்பு. இளித்தவன் அடங்கிவிட்டான்.

"கைண்ட்" என்று படித்தாள் விமலா.

அடுத்த படத்துக்குத் தட்ட வேண்டியவள் தட்டவே இல்லை. டீச்சரும் தட்டச் சொல்லவில்லை.