முதுகில் ஏறிய பிள்ளை

எங்கள் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. தத்தெடுத்த பிள்ளை. காப்பகத்தில் அவளை என் கையில் கொடுத்தபோது அழவில்லை. பெரம்பலூர் வந்து சேரும்வரை காரில் என் மடியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்றார் கார் ஓட்டியவர். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தூக்கினால் அவளுக்குப் பிடிக்காது. இடுப்பில் வைத்தால் மற்றப் பிள்ளைகள் காலால் கவ்விக்கொள்ளும், கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும். இவள் காலைத் தொங்கவிட்டு, உடம்பைப் பின்னால் வளைத்து, என்னைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருப்பாள். கீழே விட்டால் சுவரோரம் போய் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருப்பாள். விழுந்தாலும் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். தானே எழுந்து நடப்பாள்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அவ்வப்போது ஓர் அதிகாரி வருவார். அவரிடம் சொன்னேன்.

"அங்க ஒரு ஆயாவுக்கு நிறையப் பிள்ளைங்க. தூக்கி வெச்சிருக்க ஆளு ஏதும்மா?" என்றார். "உடம்போட உடம்பா இருந்து பழகணும். துணியில கட்டிக்கிட்டே வீட்டு வேலையப் பாருங்க." போனில் சில படங்களும் காட்டினார்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குத் துணி கட்டுவது என்றால் ஏணைதான். உத்தரத்திலோ மரக்கிளையிலோ பழம்புடவையைத் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் போட்டு ஆட்டுவோம். மேலே கட்டிக்கொண்டு நடக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆன்லைனில் ஒன்று வாங்கினோம். கெட்டித் துணி, ஏகப்பட்ட வார்கள். பெரம்பலூர் வெயிலில் அதைப் போட்டதுமே எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவளை நெஞ்சோடு வைத்து மாட்டினேன். என் முகம் அவள் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்ததும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். அழுது அழுது வாந்தி எடுத்தாள். கழற்றிப் பரணில் போட்டேன்.

என் கணவர் டிராக்டர் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து பைக் கழுவிக்கொண்டிருந்தார். இவள் நடந்து போய், திரும்பி நின்று, தன் முதுகை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். நான் கதவருகே நின்று, திரும்பாதீங்க என்று கை காட்டினேன். அவர் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனதை அப்புறம் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது, "அவளுக்கு நம்ம மூஞ்சியப் பாக்கறதுதான் கஷ்டமா இருக்கு போல. முதுகுல கட்டிப் பாப்பமா?" என்றார்.

என்னுடைய பழைய நூல்புடவை ஒன்றைப் பாதியாக வெட்டினோம். துவைத்துத் துவைத்து மெலிந்த துணி, காற்று போகும். முதலில் ஒரு தலையணையைக் கட்டிப் பழகினார். பிறகு அவளை. நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிவரை துணி அகலமாக விரிந்திருக்க வேண்டும். உட்காரும் இடம் பள்ளமாக, முட்டி அதைவிட மேலே. காலை ஒடுக்கிக் கட்டினால் தொங்கும், பிள்ளைக்கும் வலிக்கும், தூக்குகிறவருக்கும் பாரம். தளர்ந்தால் பிள்ளை சரிந்து இடுப்பை இழுக்கும். இதெல்லாம் பலமுறை கட்டி அவிழ்த்துத்தான் தெரிந்தது.

அவள் விறைத்தாள், ஆனால் அழவில்லை. அவர் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். திரும்பி வரும்போது அவள் கன்னம் அவர் முதுகில் படிந்திருந்தது.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவர் வந்து குந்தினால் போதும், போய் ஏறிக்கொள்வாள். நான் குந்தினால் வர மாட்டாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அவளோடு இருப்பவள் நான். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் நான். அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று முழுசாகச் சொல்ல முடியாது.

கோடையில் ஆண்டிமடத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு. பஸ்ஸில் என் கணவர் முதுகிலிருந்து பிள்ளையை அவிழ்ப்பதைப் பார்த்து, பக்கத்து சீட் அம்மா, "பாப்பாவுக்கு நடக்க வராதாங்க?" என்றார்.

"நல்லா நடக்கும்ங்க. எங்களுக்குத்தான் இன்னும் தூக்கப் பழகல," என்றார் இவர்.

மறுநாள் தோப்புக்குப் போனோம். பொறுக்கிய கொட்டையை மூட்டை கட்டி, நாத்தனாரும் இவரும் நாத்தனார் வீட்டு பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நானும் பிள்ளையும் மட்டும் இருந்தோம். சருகை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றும் இடியும். மரத்தடியில் நிற்கப் பயமாக இருந்தது. அவளை நடத்திக் கூட்டிப்போனால் வெகு நேரமாகும்.

கெஞ்சிக் கொஞ்ச நேரமில்லை. முந்திரிக் கிளை தாழ்ந்து கிடக்குமே, அதில் அவளை உட்கார வைத்தேன். முதுகைக் காட்டி நின்று, அவர் அவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்த துணியைச் சுற்றி இழுத்தேன். அவசரத்தில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அப்படியே முடிச்சுப் போட்டு, இரண்டு கையையும் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டு குனிந்து நடந்தேன்.

பாதி வழியில் அவள் கை என் ஜாக்கெட் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தது. முட்டிகள் இரண்டும் என் விலாவை அழுத்தின. இடி இடிக்கும்போதெல்லாம் இன்னும் இறுக்கினாள். மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது.

வீட்டில் நாத்தனார் துண்டோடு ஓடி வந்து துணியை அவிழ்த்தார். "முடிச்சே சரியில்லையே. எப்படி விழாம கொண்டாந்த?"

"அவ புடிச்சிக்கிட்டா, அண்ணி," என்றேன். நாத்தனார் பிள்ளையின் தலையைத் துவட்டிவிட்டு, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

பெரம்பலூர் திரும்பியதும் எல்லாம் மாறிவிடவில்லை. சில நாள் வந்தாள், சில நாள் வரவில்லை. வந்த நாளில் முதுகில் கட்டிக்கொண்டு துணி காயப்போட்டேன், காய் வாங்கினேன். தாளிக்கும்போது மட்டும் இறக்கிவிடுவேன். ஒரு நாள் மாவு பிசையும்போது, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கப் பக்கவாட்டில் எக்கி எக்கித் துணியையே இடுப்புப் பக்கம் இழுத்துவிட்டாள். சரி என்று அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். மாவைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் பாத்திரத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு பிசைந்தேன். அவள் என் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் தொட்டு, "மா" என்றாள். மாவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியாது. நான் என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வயது தாண்டியதும் கனத்துவிட்டாள். எனக்கு இடுப்புவலி வரவே கட்டுவதை நிறுத்தினோம். அவளும் கேட்கவில்லை. இப்போது எல்.கே.ஜி. போகிறாள். காலையில் ஷூ மாட்டுவதற்குள் எங்கள் இருவரையும் படுத்தி எடுக்கிறாள்.