அக்கா திட்டின சுருதி

ஒரு காலத்துல ரேடியோவைத் திறந்தா எங்க அக்கா குரல்தான். பஸ்ஸு, சலூன், கல்யாண வீடு, எங்க போனாலும் அவதான். என் தையல் கடைக்கு அளவு கொடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அக்காவைப் பத்தி விசாரிக்கத்தான் வருவாங்க. அப்புறம் புதுசு புதுசாப் பாட ஆள் வந்தாங்க, இவளைக் கேக்க நாதியில்ல. கடைசியா ஒரு சோப்பு விளம்பரத்துக்கு ரெண்டு வரி பாடினா. அதுவும் நின்னதும் என் கடையில வந்து உக்காந்து பட்டன் தைச்சா. ஒரு பட்டனும் ஒரு வாரம் தாங்காது, அது வேற விஷயம்.

அப்பதான் அவ பாட்டையெல்லாம் வெளியிட்ட பழைய கேசட் கம்பெனிக்காரர் கூப்பிட்டாரு. "ஒரு ஆல்பம் போடுவோம். இதுவும் ஓடலைன்னா இனிமே என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா"ன்னு பட்டுனு சொல்லிட்டாரு.

"இது போச்சுன்னா கடைசி வரைக்கும் நான் பட்டன்தான்டி"ன்னா அக்கா.

துணைக்கு நானும் ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்பெனிக்காரருக்கு அந்தப் பழைய உச்சக்குரல்தான் வேணுமாம். இருபது வயசுல பாடினது அம்பதுல வருமா? கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவா, கீச்சுனு உடைஞ்சிடும். இசையமைக்கிற தம்பி பாவம், "இன்னொரு தடவை பாக்கலாம்க்கா"ன்னே சொல்லிட்டிருந்தான்.

ஒரு நாள் எப்படியோ அந்த உச்சத்தை எட்டிப் பிடிச்சிட்டா. நான் பாடுற ரூமுக்கு உள்ளேயே ஓரமா ஸ்டூல்ல மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். அந்த நேரம் பாத்து என் போன் அடிச்சுது. ரிங்டோன் என்ன தெரியுமா? அக்காவோட பழைய பாட்டேதான், அதே உச்சத்துல!

அக்கா ஹெட்போனைக் கழட்டினா. "அறிவிருக்காடி உனக்கு? என் குரலை வச்சே என் கழுத்தை அறுக்குறியே! உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" அடிவயித்துலேர்ந்து கனமா, நிதானமா வந்துச்சு. எனக்கென்ன, வீட்டுல தினம் கேக்குறதுதானே.

மைக் திறந்தே இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி எழுந்தே நின்னுட்டான். "அக்கா, இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"குரலா? இவளைத் திட்டினேன்ப்பா."

"திட்டின சுருதியிலயே பாடுங்க."

"கிழவி பாடுறான்னு சிரிப்பாங்க"ன்னு அக்கா முரண்டு பிடிச்சா.

"பாடித் தொலை, இல்லேன்னா மறுபடியும் போன் அடிக்கும்"னேன். சிரிச்சுட்டா. சிரிச்ச வாயோடயே பாடினா. எல்லாப் பாட்டையும் சுருதியை இறக்கியே பாடினா. கம்பெனிக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத்தான் கேக்க உக்காந்தாரு. முடிஞ்சதும், "இன்னொரு தடவை போடு"ன்னாரு.

ஆல்பம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. பள்ளிக்கூடப் பொண்ணுங்க எல்லாம் குரலைக் கனமாக்கிட்டுத் திரியுதுங்க!

அப்புறம் பெரிய அரங்கத்துல கச்சேரி. முடிக்கப் போற நேரத்துல கூட்டம் அந்தப் பழைய பாட்டைக் கேட்டுச்சு, அதான், ரிங்டோன் பாட்டை. அக்கா முகம் வெளுத்துப் போச்சு. தைரியமா இறக்கியே ஆரம்பிச்சா. உச்ச வரி வந்ததும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டா. அடேயப்பா! மொத்த அரங்கமும் கீச்சு கீச்சுனு கத்துது, ஒருத்தருக்கும் எட்டல.

"பாத்தீங்களா? எனக்கும் இப்ப அப்படித்தான்"னா. கைதட்டல் நிக்கவே இல்ல. நான் முன்வரிசையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் கடைக்கு வந்து பட்டன் டப்பாவை என் மேஜையில வச்சா. "இனிமே நீயே தைச்சுக்கோடி"ன்னா.

"அப்பாடா, சட்டைங்க பிழைச்சுது"ன்னு அவளைக் கட்டிக்கிட்டேன்.