சிலுவைக்கு அடுத்த பக்கம்

மன்னாரில் பிறந்து, கனடாவின் லொங்குய் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைபார்க்கும் றெஜினாவுக்குப் பழைய ஜெர்மன் கையெழுத்து தண்ணீர் பட்ட பாடு. இங்கே வருமுன் பதினொரு வருடம் ஜெர்மனியில் ஒரு தேவாலய அலுவலகத்தில் தூசி தட்டியவள். தட்டிய பதிவேடுகளையெல்லாம் வாசித்தும் பழகியவள்.

2006 வசந்தத்தில், மனைவி குளோதினின் ஜெர்மன் முப்பாட்டன் யோஹானைத் தேடிக்கொண்டிருந்த சூர்யபிரகாஷ், ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதிகளை ஒரு கட்டாக அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, யோஹான் பேருக்குப் பக்கத்துல சிலுவை போட்டு, மூணு மாசம் தள்ளி ஒரு தேதி இருக்கு. குழந்தையிலேயே போயிட்டார்னா, குளோதின் எப்படிப் பொறந்தா?”

“இந்தப் பக்கத்தோடயே நிப்பாட்டிப்போட்டீரோ? படிச்ச பிள்ளைதானே! மிச்சத்தைத் தாரும்.”

றெஜினா வரிவரியாக விரலை ஓட்டினாள். இரண்டு வருடம் தள்ளி அதே தாய், அதே தகப்பன், அதே யோஹான். சிலுவை மட்டும் இல்லை.

“செத்த பிள்ளையின்ர பேரை அடுத்ததுக்கு வைக்கிறது அங்கத்தைய வழக்கம். இவர்தான் உம்மட ஆள்.”

“செத்த குழந்தை பேரையா? ராசியில்லன்னு பயப்பட மாட்டாங்களா?”

றெஜினா கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்கு முந்தியும் ஒரு றெஜினா பிறந்தவ. நாலு மாசம்தான் இருந்தவ. எனக்கு இப்ப ஐம்பத்தெட்டு.”