அதை அணைத்து வைத்தவள் நான்

நான்தான் அணைத்தேன். செல்வி அல்ல... நான்!

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் கணினி என் பொறுப்பு. எந்தப் பொம்மைக்கு எந்தப் பூச்சு, சூளையில் எவ்வளவு சூடு... எல்லாக் குறிப்பும் அதற்குள்தான் இருந்தது. என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நானே பேனர் செய்ய ஆசைப்பட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக இறக்கினேன். 'முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்றது வழி சொன்ன வீடியோ. திருடனே வந்து கதவைத் திறந்து வை என்றால் யாராவது திறப்பார்களா? நான் திறந்தேன்!

பேனர் அழகாக வந்தது. ஆன்டிவைரஸைத் திரும்பப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடமும் பொய் சொல்ல மாட்டேன்... அது இல்லாமல் கணினி வேகமாக ஓடியது, அவ்வளவுதான். "இப்பதாம்மா கம்ப்யூட்டர் நல்லா ஓடுது" என்று முதலாளி பாராட்டினார். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

பத்தே நாளில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. பணம் கேட்டுத் திரையில் ஒரு மிரட்டல். தனியாகப் பிரதி எதுவும் இல்லை. எடுத்து வைத்திருக்க வேண்டியவளும் நான்தான்.

பழுது பார்க்க வந்தவர், "ஆன்டிவைரஸு ஆஃப்ல இருக்குது. யார் யாருங்க இதைத் தொடுவாங்க?" என்று கேட்டார்.

"செல்வி இதுலதான் போன் சார்ஜ் போடுவா" என்றேன்.

பொய்யா அது? இல்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து ஆர்டர் பதிவு செய்கிற செல்வி தினமும் போடுவாள்தான். நானும் போடுவேன்... அதைச் சொல்லவில்லையே! அவள் போன் வழியாகத்தான் வைரஸ் வந்தது என்று முடிவு கட்டி, அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷியா?

நேற்று பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஓடி ஒளியத் தோன்றியது. அவளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். களை வெட்டப் போகிறாளாம். வேறொரு கம்பெனியில் கணினி வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம்.

"பயமா இருக்குதுக்கா. அங்கயும் என்னால எதுனா ஆயிட்டா? உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்... மனசுல வச்சுக்காதீங்கக்கா."

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த நிமிடமே... 'நீ இல்லடி, நான்' என்று! அதற்குமேல் என்ன வேண்டும்?

"பரவால்ல, வுடு செல்வி" என்றேன்.

ஆம்... நான் அவளை மன்னித்தேன்! அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.