கோட்லினில் நான் எழுதிய பகுதி

புத்தளத்தில் உப்பு லொறிகளை நிறுக்கும் இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கந்தோர் அது. முதலாளியை ஹாஜியார் என்போம். அங்கே எல்லாமே ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டிருந்தன. எனக்கு அது சலித்துப்போனது. ஜாவா ஓடும் அதே இடத்தில் கோட்லின் என்ற மொழியும் ஓடும் என்று தெரிந்ததும், நிறுவைச் சீட்டு அடிக்கும் பகுதியை அதில் எழுதிப் போட்டேன். வரிகள் பாதியாயின. என் தலைக்கனம் இரட்டித்தது.

என்னோடு வேலை செய்தவள் ஒருத்தி மட்டும்தான். தொண்ணூறாம் ஆண்டில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. ஜாவா அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னை அண்ணன் முறையில் நானா என்பாள்.

"நானா, இதையும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன். நீங்க இல்லாத நேரம் உடைஞ்சா நான் என்ன செய்யிற?"

"இது உங்களுக்கு ஏறாது" என்றேன். அவளுக்கும் தெரிந்துவிட்டால் எனக்கென்ன மதிப்பு? புதிதாக எதையும் போடுவதற்கான கடவுச்சொல்லையும் நானே வைத்துக்கொண்டேன்.

என் கலியாண வாரத்தில் அது உடைந்தது. பழைய ஜாவாப் பகுதி சில நேரம் சாரதியின் பெயர் இல்லாமலே விவரத்தை அனுப்பும். ஜாவா பொறுத்துக்கொள்ளும், என் கோட்லின் அங்கேயே நின்றுவிடும். அந்த ஓட்டை எனக்கு முன்பே தெரியும். லொறிகள் வீதி வரைக்கும் நின்றனவாம். அவள் எனக்குத் திரும்பத் திரும்பக் கோல் எடுத்தாள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த நான் சிரித்துக்கொண்டே போனை அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கதிரை காலியாக இருந்தது. ஒரே வரியில் திருத்தினேன்.

"அந்தப் புள்ளைக்கு ஏலாது. அனுப்பிட்டேன்" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

அவளுடைய கணினியில் இருந்ததையெல்லாம் அழிக்கும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு கோப்பு. என் பகுதி முழுவதையும் தானே வாசித்து விளங்கி ஜாவாவில் எழுதி வைத்திருந்தாள். பெயரில்லாத சாரதிக்கும் வழி இருந்தது. அன்றைக்கு அவள் போனில் என்னிடம் கேட்க நினைத்தது, இதைப் போடுவதற்கான கடவுச்சொல்லை மட்டும்தான்.

ஓட்டிப் பார்த்தேன். பிழையில்லாமல் ஓடியது. கோப்பின் தலையில் இருந்த அவள் பெயரை அழித்து என் பெயரை எழுதினேன். எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் திரும்ப எழுதியதற்காக ஹாஜியார் என்னை மெச்சினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெயரைத் திரும்ப மாற்றவில்லை.